மூன்றாம் தண்ணீர்

எனக்குச் சிரிப்பு அடங்காது. நர்ஸ் வேலைக்கு இது ஆகாது என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடை. அடையாற்றங்கரையில் அம்மைக்காரர்களுக்காகக் கீற்றுக் கொட்டகை போட்டு எங்களை அனுப்பினார்கள். அறுபது கட்டில், மூன்று நர்ஸ்.

பத்தே நாளில் இரண்டு பேரானோம். சாந்தோம் குப்பத்துப் பெண், என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவள், காய்ச்சலோடு கடைசிக் கட்டிலில் விழுந்தாள். எங்கள் எல்லோருக்கும் அம்மை குத்தியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அது எடுபடவில்லை. முகமே தெரியாமல் முத்து போட்டிருந்தது. பிழைப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பயந்துகொண்டு நிற்க நேரம் ஏது? அவள் பங்கு வேலையும் எங்கள் தலையில்தான். தூங்கிக்கொண்டே நடக்கப் பழகினேன். ஒருநாள் தெர்மாமீட்டரால் கஞ்சியைக் கலக்கிவிட்டு, கரண்டியை மயிலாப்பூர் மாமி ஒருத்தியின் கக்கத்தில் வைத்தேன். மாமியும் கையை இறுக்கிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். அன்று நான் சிரித்த சிரிப்பில் கஞ்சி முழுக்கக் கொட்டிப்போயிற்று.

பொருக்கு உதிர்ந்ததும் டாக்டர் அந்த மாமியை வீட்டுக்கு அனுப்பினார். சாயங்காலமே ஜட்கா வண்டியில் திரும்பி வந்து இறங்கினாள். அம்மை இறங்கினால் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்றவேண்டும். ஊற்றாமல் வாசற்படி ஏறாதே என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். அதற்குள் அவள் கட்டிலில் வேறொருத்தி. இருவரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்தோம். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு, ஊற்றித் தொலையுங்கள் என்றார்.

கேட்கவேண்டுமா? அண்டா அண்டாவாகத் தண்ணீரை வெயிலில் வைத்தோம். பொருக்கு உதிர்ந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினோம். எங்கள் வெள்ளைச் சேலையெல்லாம் மஞ்சளாயிற்று. இன்னொரு செம்பு ஊற்று என்று மாமி சண்டைக்கு வந்தாள். தூக்கமில்லாத கிறுகிறுப்பில் ஆளைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போனவள், குனிந்து நாடி பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தலையிலும் ஒரு செம்பைக் கவிழ்த்துவிட்டேன். வரிசை மொத்தமும் சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

நடுநடுவே கடைசிக் கட்டிலுக்கு ஓடி, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். மூன்றாவது வாரம் அவள் கஞ்சி கேட்டாள். அப்புறம் பொருக்கு உதிர்ந்தது. மாதா கோவிலுக்குப் போகிறவள்தான். ஆனால் அவள் வீட்டிலும் தண்ணீர் ஊற்றாமல் சேர்க்கமாட்டார்களாம். வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு மூன்றாம் தண்ணீரையும் ஊற்றி முடித்தேன். பிழைத்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் எல்லோர் எதிரிலும் ஓவென்று அழுதேன். அவள் முகத்தை வழித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அழுதது போதும். இன்னும் இருவது பேர் குந்திக்கினு கீறாங்க. செம்ப இப்டி குடு, நீ போய்ப் படு."

அவளுக்கு ஒரு மாதம் ஓய்வு என்று டாக்டர் எழுதிவைத்திருந்தார். அவளோ ஈரச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தலைக்குப் போய்விட்டாள்.