வீட்டு ஆள் எடுத்தால் களவு இல்லை

காளீஸ்வரியின் முன்பல் இரண்டும் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் அழகுராஜா, லீவுக்கு வந்து கடைக்குப் போயிருந்த மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். இவள் குறுக்கே போய் நின்றாள். அவன் அந்த லேப்டாப்பின் விளிம்பாலேயே அவள் வாயில் இடித்தான். கீழே விழுந்தவளை இடுப்பில் மிதித்தான். போகிற போக்கில் டிவியைத் தரையில் தள்ளி உடைத்தான், கறிச்சட்டியை எட்டி உதைத்தான். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு போடிமெட்டு ஏறிவிட்டான். மலைக்கு அந்தப் பக்கம் எவனிடமோ லேப்டாப்பை விற்றுக் குடித்துவிட்டு மறுநாள்தான் இறங்கி வந்தான்.

இதை அவளே என்னிடம் சொன்னாள். நான் போடியில் இருபது வருஷமாக இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கிறவன். இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது, பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

காளீஸ்வரி ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குகிறவள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வெடித்த காய், சொத்தைக் காய், பருமனான பச்சைக் காய் என்று பிரித்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். கண் வேறெங்கோ இருக்கும், விரல் தப்பு செய்யாது. அந்த விரல்களை வைத்துத்தான் மகள் சுசித்ராவைக் கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படிக்க வைத்தாள். அழகுராஜா தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். கையில் கிடைத்ததை உடைப்பான், எதுவும் கிடைக்காவிட்டால் பெண்டாட்டியை உடைப்பான்.

இந்த ஊரில் ஜீப்புக்கு இன்சூரன்ஸ் போடுவார்கள், உயிருக்குப் போடுவார்கள். வீட்டுச் சாமானுக்குப் போடச் சொன்னால் சிரிப்பார்கள். இவள்தான் தானாக வந்து கேட்டாள். டிவி, மிக்சி, பீரோ, ஹாஸ்டலில் இருக்கும் மகளின் லேப்டாப் வரை சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, அவள் வீட்டில் நடப்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் வீட்டு ஆளே உடைத்தாலோ எடுத்தாலோ ஒரு பைசா வராது என்ற விதியை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. வந்த சோலியை விட்டுவிட எனக்கு மனசில்லை.

வாயில் துணியை அழுத்தியபடி வந்தவளிடம்தான் அதைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"புள்ளை பத்து நாள்ல பிராஜெக்ட்டு குடுக்கணும்ணே. அது இல்லேன்னா இந்த வருசமே போச்சுங்குது. அப்ப யாரு எடுத்தாத்தான் குடுப்பாக?"

"வெளியாளு பூட்டை உடைச்சு எடுத்தாக் குடுப்பாங்க ஆத்தா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து எஃப்.ஐ.ஆர். வாங்கிட்டு வா. ஆளு யாருன்னு தெரியாதுன்னு சொல்லு. அவங்க பிடிக்கவா போறாங்க?" என்று வழியும் காட்டினேன். அவள் வீட்டுக்குப் போய்க் குழவிக்கல்லை எடுத்துத் தன் வாசல் பூட்டைத் தானே உடைத்தாள், பிறகு ஸ்டேஷனில் புகார் சொன்னாள்.

"ரெண்டாவது அடியிலேயே உடைஞ்சிருச்சுண்ணே" என்று பிறகு சொன்னாள். "ஆனா நான் நிறுத்தலை. கதவு பிளக்குற வரைக்கும் அடிச்சேன்."

மூன்றாம் நாள் காலையில் கையெழுத்துப் போட வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. எஃப்.ஐ.ஆர். நகல் வாங்க நானும் கூடப் போனேன். வெளி பெஞ்சில் அழகுராஜா கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒருவன் அலறிக்கொண்டிருந்தான்.

"யாரு அது?" என்று காளீஸ்வரி கேட்டாள்.

"உங்க வீட்டுக் களவாணிதாம்மா" என்றார் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு. "தெருவுல திரிஞ்சான்னு உன் வீட்டுக்காரரே அடையாளம் காட்டிட்டாரு. திருடுனதை ஒத்துக்கிட்டான். லேப்டாப்பை எங்க வித்தான்னு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்."

எப்படித் திறப்பான்? அவன் பெயர் சுக்தேவ். ஜார்க்கண்டிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க வந்தவன். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜீப்பு வாடகையில் அழகுராஜாவோடு தகராறு செய்திருக்கிறான். அழகுராஜாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பாதி திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. அவன் வலது கையை மேசையில் விரித்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் விரல்கள்மேல் லத்தியை இறக்கினார். காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற சத்தம் கேட்டது. சுக்தேவ் இந்தியில் அவன் அம்மாவைக் கூப்பிட்டான். அடுத்த விரலுக்கு லத்தி ஓங்கியது.

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெரசாக் கையெழுத்தைப் போட்டுட்டு வா ஆத்தா, புள்ளைக்கு லேப்டாப் வந்துரும்" என்று அவள் காதில் சொன்னேன். என் வாயை நானே அறைந்திருக்க வேண்டும்.

காளீஸ்வரி பேனாவை ஏட்டின் மேசையில் வைத்தாள்.

"அந்த ஆளை அடிக்காதீக. எடுத்தது எங்க வீட்டுக்காரரு. பூட்டை உடைச்சது நான்."

ஏட்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக்காரருன்னா எப்படி எழுதுறது? பேரைச் சொல்லு."

எங்கள் பக்கம் அவள் வயதுப் பெண்கள் பலரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிக் காட்டுவார்களே தவிர பெயர் வாயில் வராது. இவளும் கட்டிய நாளிலிருந்து சொன்னதில்லை. மெல்லச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெஞ்சுப் பக்கம் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்து, பல்லில்லாத வாயால் ஸ்டேஷன் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"அழகுராஜா. தகப்பன் பேரு கண்ணுச்சாமி."

டீ கிளாஸ் பறந்து வந்து அவள் நெற்றியில் உடைந்தது. அடுத்த நொடி அவன் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். "பேரையாடி சொல்ற, பேரையா சொல்ற" என்று கத்தினான். களவுப் பட்டம் கட்டியதைவிடப் பெயரைச் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் கண் செருகிவிட்டது. உள்ளே இருந்த லத்திகள் வெளியே ஓடி வந்து அவன் முதுகிலும் முட்டியிலும் விழுந்த பிறகுதான் கை விட்டது. அவன் தரையில் உருண்டு அலறியதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பொய்ப் புகார் கொடுத்ததற்காக அவளைச் சாயங்காலம் வரை உட்கார வைத்துத் திட்டினார்கள். வழி சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். தானாகத்தான் செய்தேன் என்றாள். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும், கூடவே விட்டுவிட்ட சுக்தேவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள் நெற்றி ரத்தம் இன்னும் காயவில்லை. அவன் வலது கையில் மூன்று விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை. காய் எடுக்கிறவனுக்கு விரல் போனால் என்ன மிச்சம் என்று காய் பொறுக்குகிறவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அந்த நினைப்பு வரும்போதெல்லாம் "நான் பண்ணுனதுண்ணே" என்பாள். என்னைச் சொல்லமாட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லேப்டாப் வரவில்லை. சுசித்ரா காலேஜ் லேபில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பிராஜெக்ட்டைச் செய்தாள். நாள் போதவில்லை. ஒரு பேப்பர் நின்றுபோய், அடுத்த வருஷம்தான் தேறினாள்.

அவள் கழுத்தை நெரித்த கேசில் உள்ளே போன அழகுராஜா ஜாமீனில் வந்து ஒரு காலையில் கதவை உதைத்தான். பிளந்து கிடந்த கதவு ஒரே உதையில் விழுந்தது. உள்ளே காளீஸ்வரி அரிவாளோடு நின்றாள். அவன் முன்கையில் எலும்பு தெரிய ஒரு வெட்டு விழுந்தது. அவன் ஓடிப்போன பிறகு அவன் சட்டை, செருப்பு, போட்டோ எல்லாவற்றையும் தெருவில் வீசினாள். அந்த வெட்டுக்கு இன்றைக்கும் கோர்ட்டு வாய்தாவுக்குப் போய்வருகிறாள்.

பாலிசியைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். நான் பழைய தாளைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயரை எழுதினேன்.

"வாசிங்கண்ணே" என்றாள். வாசித்தேன்.

"மூணாவதை அடிங்க."

"அடிச்சா அந்த ஆளு வீட்டு ஆளு இல்லேன்னு ஆயிரும் ஆத்தா."

"இனி அந்தாளு எடுத்தா களவுதான?"

"களவுதான்."

அவள் என் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தப் பெயர்மேல் அவளே அழுத்திக் கோடு இழுத்தாள். தாள் கிழிந்துவிட்டது. நான் வேறு தாள் எடுத்து இரண்டு பெயரை மட்டும் எழுதினேன்.