வாளியைக் குடித்த குழாய்

"அக்கா, இண்டைக்கு இடியப்பம் குளிச்சிட்டு வந்திருக்கு போல. சோப் மணக்குது."

பக்கத்து லொட்ஜில் தங்கியிருக்கும் டியூஷன் மாஸ்டர் அப்படிச் சொன்னதும் நான் சிரித்தேன். பிறகு ஒரு நூலைப் பிய்த்து வாயில் வைத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கிச் சரியும் ஒரு லேனில், மாடிக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் இருக்கிறேன். இடியப்பம் அவித்து விற்பதுதான் என் பிழைப்பு. அன்றைய மாவை எல்லாம் கொட்டிவிட்டுப் போத்தல் தண்ணீர் வாங்கிப் பிசைந்தேன். ஆனால் கதை பரவிவிட்டது. எங்கள் மாடிக் கட்டடத்தின் ஃப்ளட் கமிட்டித் தலைவர் வாசலுக்கே வந்துவிட்டார். அவர் எதிர்வீட்டுக்காரர்தான்.

"தங்கச்சி, இனி இஞ்ச சமைச்சு விக்கேலாது. ஆருக்கும் வயித்து வருத்தம் வந்தா ஃப்ளட்டின்ட பேர் நாறிப் போயிடும்."

"சோப் என்ட பானையில இல்ல அண்ணை. குழாயில வருது."

"குழாய்க்கு ஆர் சோப் போட்டது?"

"அதைத்தான் நானும் தேடுறன். அதுவரைக்கும் என்ட அடுப்பு எரியும்."

மேல்மாடி அன்ரி படியில் நின்று, "இவளின்ட வாய்க்குப் பூட்டுப் போட்டா, சாவியும் சேர்ந்து கதைக்கும்" என்றார். என்னைப் பற்றி இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். சோப் மணம் வந்ததெல்லாம் தண்ணீர் வெட்டு முடிந்து குழாய் திரும்பவும் ஓடும்போதுதான். தலைவர் தினமும் முற்றத்துப் பொதுக் குழாயில் கார் கழுவுவார். நடுவில் தண்ணீர் நின்றால், குழாயை மூடாமல் ஹோஸின் நுனியைச் சோப் வாளிக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். தண்ணீர் வந்தால் வாளி தானாக நிரம்பட்டும் என்ற எண்ணம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தண்ணீர் நின்ற பிறகு பைப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை ஃபோனில் வீடியோக்கள் பார்த்து நானே படித்துக்கொண்டேன். லேனின் பள்ளத்தில் இருக்கிறவர்கள் குழாயைத் திறந்தால், மேட்டிலிருக்கும் எங்கள் பைப்பில் மிச்சமாய் நிற்கிற தண்ணீர் அங்கே இறங்கிவிடும். இறங்கும்போது பின்னால் கிடப்பதையும் இழுக்கும். வாளிக்குள் கிடக்கும் ஹோஸ், தெம்பிலி இளநீருக்குள் போட்ட ஸ்ட்ரோ மாதிரி ஆகிவிடும்.

அடுத்த வெட்டுக்குக் காத்திருந்தேன். வழக்கம்போல ஹோஸ் வாளிக்குள் விழுந்தது. நான் எல்லாரையும் கூப்பிட்டு, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை அதில் கரைத்தேன்.

"தண்ணி வந்தா ஒருத்தரும் வாயில வைக்காதேங்கோ. அண்ணை, இந்த வாளியை மட்டும் பாருங்கோ."

"உமக்கு விசர் பிடிச்சிருக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வாளியில் நீலம் இறங்கத் தொடங்கியது. தொட ஆளில்லாமல் வாளி வற்றுவதை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் திரும்ப வந்ததும், "உங்கட குசினிக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கோ" என்று தலைவரிடம் சொன்னேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "ஐயோ, இஞ்ச ஓடி வாங்கோ! கடல் வீட்டுக்குள்ள வந்திட்டுது!"

மறுநாள் ஹார்ட்வெயார் கடையில், தண்ணீர் பின்னால் இழுபடாமல் தடுக்கும் என்று வீடியோவில் பார்த்த ஒரு சின்னப் பித்தளை வால்வை வாங்கினேன். "நோனா, இது குழாய்க்குப் போடுற மாஸ்க்" என்று முதலாளி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். குழாய் வாய்க்கும் ஹோஸுக்கும் நடுவில் முறுக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் தட்டு, சுற்றிவர காற்றுத் துளைகள். தண்ணீர் தள்ளும்போது தட்டு நகர்ந்து துளைகளை அடைத்து வழிவிடும். தண்ணீர் நின்றால் ஸ்பிரிங் தட்டைத் திருப்பித் தள்ளி வழியை மூடும், துளைகள் திறக்கும். பிறகு பைப் எவ்வளவு இழுத்தாலும் வாளித் தண்ணீர் ஏறாது. ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவில் தெம்பிலி குடிக்கிற கதைதான், காற்றுத்தான் வரும். பூந்தோட்டக் குழாய், சலூனில் தலை கழுவும் ஹோஸ், கழிவறையின் கைஷவர் என்று அழுக்குத் தண்ணீரில் நுனி படக்கூடிய இடமெல்லாம் இப்படி ஒரு தடுப்பு வேண்டும்.

நான் வால்வை முறுக்கிக்கொண்டிருக்கும்போது தலைவர் வந்தார்.

"மீட்டிங் வைக்காம பொதுக் குழாயில கை வைக்கேலாது. கழட்டும்."

"மீட்டிங் வையுங்கோ அண்ணை. இடியப்பம் நான் தாறன்."

அந்த வால்வின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை இறுக்கிக்கொண்டே போனால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு ஒருவராலும் லேசில் கழற்ற முடியாது. அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இறுக்கினேன். டக்கென்றது.

முறிந்த தலையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் கேட்டில் நின்று, "அக்கா, குளிக்காத இடியப்பம் பத்து" என்றார்.