சுவரில் வந்து நின்ற ஆண்ட்ரூசார்கஸ்

பூனாகலைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அறிவியல் ஆசிரியை, தம் விடுமுறை முழுவதையும் செலவிட்டு, ஆண்ட்ரூசார்கஸ் என்னும் அழிந்துபோன ஊனுண்ணியை வகுப்பறையின் வெளிச்சுவரில் வரைந்திருந்தார். சுவர், தொழிலாளர் குடியிருப்பான லயத்தை நோக்கியிருந்ததே சிக்கலாயிற்று. நீண்ட முகமும் கோரைப்பற்களுமாய் நின்ற அவ்விலங்கினை லயத்தார் பைரவரின் நாயெனவே கொண்டனர். கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள் பூ வைத்தனர். வெள்ளிதோறும் சூடம் கொளுத்தினர். சூடப்புகையின் கரி, ஓவியத்தின் வயிறுவரை ஏறிவிட்டது. பாடசாலை கோயிலாகிவிடுமென்று அஞ்சிய தலைமையாசிரியரான அதிபர், சுண்ணாம்பு பூசி அதை அழித்துவிடப் போவதாக அறிவித்தார்.

ஆசிரியை கலங்கிய முகத்துடன் பண்டாரவளைக்கு வந்து என்னை அழைத்தார். விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் சொன்னால் இரு தரப்பாரும் கேட்பர் என்பது அவர் நம்பிக்கை. சென்று பார்த்தேன். தேர்ந்த கையின் வேலை; ஆனால் பாதங்கள் மட்டும் ஓநாயின் பாதங்கள்.

சூடத்தட்டுடன் நின்றிருந்த அம்மையாரிடம் இயன்றவரை எளிமையாக விளக்கினேன். உள்மங்கோலியாவில் ஒரேயொரு மண்டையோடு கிடைத்தது, கீழ்த்தாடைகூட இல்லை. எஞ்சிய உடல் ஊகமே. முதலில் அதனை, இன்று வழித்தோன்றலின்றி அழிந்துபோன வேறோர் ஊனுண்ணிக் குடும்பத்துடன் சேர்த்தனர். பிற்காலத்து ஆய்வாளர் இரட்டைக் குளம்பிகளின் வரிசைக்கு மாற்றினர். நாய்க்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை.

"அப்ப யாருக்குங்க சொந்தம்?"

"நீர்யானைக்கும் பன்றிக்குந்தான் கிட்ட, அம்மா."

"பன்னிக்கா இத்தன நாளா சூடம் காட்டுனோம்?"

பின்னால் நின்ற பெண்ணொருத்தி, "ஒங்க மகளுக்கு மாப்பிள்ள அமைஞ்சதும் பன்னி குடுத்த வரந்தான்க்கா" என்றாள். அருகில் நின்ற அதிபரும் சிரித்துவிட்டார்.

அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. ஓவியத்தை ஒருமுறை நோக்கிவிட்டு அதிபர் பக்கம் திரும்பினார்.

"சூடம் இனிமே வேணாம். ஆனா அழிச்சிறாதீங்க சேர். அம்மாம் பெரிய சீவன், ஒரு மண்டையோட நின்னுபோச்சு. இருந்துட்டுப் போகட்டும்."

 அதிபர், கரியைக் கழுவிப் பாதங்களைக் குளம்பாக்கிவிட்டால் சுவரைத் தாம் தொடப்போவதில்லை என்றார்.

ஆசிரியை ஈரத்துணியும் தூரிகையுமாக அங்கேயே குந்திக்கொண்டார். ஒரு காலுக்கு எத்தனை குளம்பு என்று என்னிடம் கேட்டார். பாத எலும்பு எவருக்கும் கிடைத்ததில்லை. உறவினங்களைக் கொண்டு இரண்டெனக் கொள்ளலாம் என்றேன். அவர் இரண்டாகவே வரைந்தார்.