இங்கு அரசியல் பேனர் அடிக்கப்படாது

ஃப்ளெக்ஸ் கடை நடத்துகிறவளுக்கு வருகிற ஆள் பேசுவது எதுவும் காதில் ஏறாது. தன் முகத்தை எத்தனை அடிக்குக் கேட்கிறான் என்பது மட்டும்தான் ஏறும். இரணியல் ரோட்டில் ஒன்பது வருஷமாக இந்தத் தொழிலில் கிடக்கிறேன். ஸ்டூடியோ, ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை என்று கடை போட்டுவிட்டு ஊர் வாயில் மாட்டிக்கொண்ட என் சகபாடிகளே, நான் சொல்வது உங்களுக்காவது புரியும். நம்மால் ஒருத்தரையும் நம்ப முடியாது. நான் ஒருதடவை நம்பினேன், கடைக் கண்ணாடி போயிற்று.

பலகை

போன வருஷம் ஒரு கட்சிக்காரருக்குப் பேனர் அடித்தேன். மேல் வரிசையில் ஒரு தலைவரின் தலை பக்கத்துத் தலையைவிட இரண்டு விரல் தாழ்ந்துவிட்டது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு முடி கம்மி, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அந்த இரண்டு தலைவர்களின் கோஷ்டியும் என் கடை வாசலில் கட்டிப்புரண்டது. கண்ணாடி உடைந்தது, போலீஸ் வந்தது.

மாடியில் குடியிருக்கும் கட்டிடக்கார சாரும் இறங்கி வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். "இன்னொரு மட்டம் எனக்க கட்டிடத்துல அரசியல் நொழைஞ்சுதுன்னா, சாதனத்த எல்லாம் தூக்கிட்டு எறங்கிரணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போக? வேறு பிழைப்பும் தெரியாது. பயந்துபோய் மறுநாளே 'இங்கு அரசியல் பேனர் அடிக்கப்படாது' என்று ஒரு பலகை அடித்து வாசலில் மாட்டினேன். அதை முதலில் படித்தவர் வடசேரி பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெரியவர். பலகையை மேலும் கீழும் பார்த்தார், என்னையும் அப்படியே பார்த்தார், பைய தலையை உள்ளே நீட்டினார்.

"மக்கா, இந்தப் போர்டு எந்தக் கட்சி சொல்லி வச்சது?"

கல்யாணம்

பலகை மாட்டியபிறகுதான் தலைவலியே. எது அரசியல், எது அரசியல் இல்லை என்று நானல்லவா பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது? சாரோ தினமும் பத்திரிகை படித்து முடித்ததும் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பார். "அது ஆரு பிள்ளே, கை கூப்பிக்கிட்டு நிக்கது?" என்பார். சாமி படம் இருந்தாலும் கேட்பார்.

அந்தச் சமயத்தில் ஒருவன் கல்யாணப் பேனர் என்று வந்தான். மாப்பிள்ளையின் கூட்டுக்காரனாம். பத்துக்கு எட்டு. கீழ்வரிசையில் பதினோரு முகம், பதினோரு பேருக்கும் வெள்ளைச் சட்டை, அதில் மூன்றாவது ஆள் கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிறார். மாப்பிள்ளை ஒரு மூலையில். பெண் இன்னொரு மூலையில், தபால்தலை அளவுக்கு. எனக்கு உடனே மணத்துவிட்டது. இருந்தாலும் தாலி கட்டுகிற காரியத்தை அரசியல் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பெண்ணின் பேர் என்ன என்று கேட்டேன். அவன் திருதிருவென்று முழித்தான், யாருக்கோ போன் போட்டான், அங்கேயும் தெரியவில்லை போல.

"அக்கா, பொண்ணுக்க பேரு கண்டிப்பா போடணுமா? எடம் பத்தாதே."

குழாய்

அந்தப் பேனரை அடித்துக் காயத் தொங்கவிட்டிருந்தபோதுதான் கடற்கரைப் பக்கத்திலிருந்து மீன் விற்கிற ஒரு அம்மா வந்தார். தலையிலிருந்த மீன் வட்டியை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, மடித்த ஒரு காகிதத்தை நீட்டினார். பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததாம். 'எங்கள் தெருக் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் வரவில்லை.' அதை அடித்துக் குழாய்க்கு மேலேயே கட்ட வேண்டும். முகம் ஒன்றும் வேண்டாம், பேர்கூட வேண்டாம் என்றார்.

எனக்கு அதுதான் சந்தேகம். முகமே வேண்டாம் என்று கேட்ட ஆளை இந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பின்னால் யார் இருக்கிறார்கள், எந்தக் கட்சி அனுப்பியது, யாரை இறக்க இந்த வேலை என்றெல்லாம் புத்தி ஓடியது. சார் இறங்கி வருகிற நேரம் வேறு. "இது அரசியலாக்கும் அம்மா, இங்க அடிக்கமாட்டோம்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார். தொங்கிக்கொண்டிருந்த கல்யாணப் பேனரை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"குடிக்கத் தண்ணி கேட்டா அரசியலுன்னு சொல்லுத. அப்பம் அந்த வெள்ளைச் சட்டை பதினோரு பேரும் ஆரு மோளே, பந்தி வெளம்ப வந்தவியளா?"

ஊழியம்

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தேனே தவிர, கொடுக்கும் முன்பே அதன் அடியில் எழுதியிருந்த போன் நம்பரை ஒரு துண்டில் குறித்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அடுத்த வாரம் கட்டிடக்கார சார் வந்தார். இந்தத் தடவை என் தோளுக்குப் பின்னால் நிற்கவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு பென் டிரைவை நீட்டினார். திறந்து பார்த்தால் சாரேதான். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. சர்ச்சில் சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்கிறாராம். பத்துக்கு எட்டு வேண்டும், காது இரண்டும் தெரிய வேண்டும், முகத்தைக் கொஞ்சம் வெளுப்பித்துத் தர வேண்டும். "சார், இது அரசியல் இல்லியா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். "ஏட்டி, இது ஆண்டவருக்க காரியம்" என்றார். ஆண்டவர் காரியத்தை நான் எப்படி மறுக்க? ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவரை எதிர்த்து நிற்கிறவர் வந்து பன்னிரண்டுக்குப் பத்து கேட்டார். அதுவும் அதே ஆண்டவர்தானே என்று அதையும் வாங்கி வைத்தேன். முட்டுவலி என்று படி இறங்க அரைமணி நேரம் எடுக்கிற சார், அன்று எப்படி இறங்கினார் என்றே தெரியவில்லை. அந்த ஆளுக்கு அடித்தால் இன்றைக்கே கடையைக் காலி பண்ணிவிட வேண்டும் என்றார். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்த எரிச்சல் எனக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது. "அடிச்சா ரெண்டு பேருக்கும் அடிப்பேன் சார், இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கெடையாது. காலி பண்ணச் சொன்னா பண்ணுதேன். ஆனா எதுக்குப் பண்ணினேன்னு வாசல்ல ஒரு பேனர் கெட்டிட்டுத்தான் போவேன்" என்றேன். கணக்கு வாத்தியாரல்லவா, அந்தப் பேனரைச் சபையில் எத்தனை பேர் படிப்பார்கள் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார். காலி பண்ணும் பேச்சை அதற்குப்பிறகு அவர் எடுக்கவில்லை. ஆனால் படியேறப் போனவர் திரும்பி நின்று சொன்னார்.

"எனக்குள்ளது ஊழியம். அவனுக்குள்ளதுதான் அரசியல். அத மட்டும் மனசுல வச்சுக்க."

போன்

அவர் தலை மறைந்ததும் வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன். துண்டுக் காகிதத்தைத் தேடி எடுத்து மீன்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, குழாய் பேனர நான் அடிச்சுத் தாறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கிடுங்க" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"அண்ணைக்கு வெரட்டுன, இன்னைக்குக் கூப்பிட்டுத் தாறேன்னு சொல்லுத... உண்மையச் சொல்லு மோளே, நீ எந்த எலக்சன்ல நிக்கப்போற?"

ஒன்பது வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: அடுத்தவர் கேட்டால் அதற்குப் பேர் அரசியல், நாம் கேட்டால் அது எப்போதும் வெறும் தண்ணீர்தான்.