பச்சைக் கோடு தடித்தபோது

என் மனைவி பயப்படுவதற்குப் பெரிய காரணமெல்லாம் தேவையில்லை. கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ரகம். நான் வள்ளென்று விழுவேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டாள், பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் மறுவேலை. இப்படிப்பட்டவளுக்குத் தொழிற்சாலையில் ஆள் பார்த்துத்தான் வேலை கொடுத்திருந்தார்கள். சோதிக்கிற வேலை.

குறைமாதக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி இருக்கிறதே, இன்குபேட்டர், அதைச் செய்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் சூட்டைக் கூட்டிக் குறைப்பது ஒரு டிரான்சிஸ்டர். மூன்று கால் வைத்த சின்னக் கறுப்புத் துண்டு. ஒவ்வொன்றையும் கர்வ் ட்ரேசர் என்கிற கருவியில் செருகி மின்சாரம் கொடுத்தால், திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக விழும். கோடு மெல்லிசாக வந்தால் பாஸ். தடித்தாலோ பிசிறடித்தாலோ கழித்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் இதைத்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததுதான் மிச்சம்.

எங்கள் மகளுக்கு மாதம் நிறைவதற்கு முன்பே குழந்தை பிறந்தது. உள்ளங்கை நீளம்கூட இல்லாத முதுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் என் மனைவியின் கம்பெனி பெயர். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவள் லீவில் இருந்ததால் அவள் இடத்தில் கண்ணாடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். அவள் பாஸ் செய்த தட்டிலிருந்து நாலைந்தை எடுத்து அவர் சும்மா செருகிப் பார்த்திருக்கிறார். எல்லாமே தடித்த கோடு. உடனே வந்து பார்க்கும்படி எஞ்சினியர் கூப்பிட்டார். போனை வைத்தவள் ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, நான் பாஸ் பண்ணினதெல்லாம் கெட்டதா இருந்தா, நம்ம குழந்தை பெட்டியில இருக்கிறதும்..."

உளறாதே என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, எனக்கும் அதே பயம்தான். சூடு ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். மகளிடம் மாற்றுத் துணி எடுத்து வருவதாகப் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

சோதனை அறையில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். கண்ணாடிக்காரர் ஒரு டிரான்சிஸ்டரைச் செருகினார். கோடு கம்பளி நூல் மாதிரி தடித்து விழுந்தது. அதையே என் மனைவி செருகினாள், மெல்லிசாக வந்தது. மறுபடி அவர், தடிப்பு. மறுபடி இவள், மெல்லிசு. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இதென்ன கண்கட்டு வித்தையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எஞ்சினியர் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருகியதும் இடது ஆள்காட்டி விரலை டிரான்சிஸ்டரின் முதுகில் வைப்பது அவள் பழக்கம். சூடாகிறதா என்று பார்க்கத்தான். தொடக்கூடாது என்பது விதி. விரல் போவது அவளுக்கே தெரியாது.

"கையை எடுங்கம்மா," என்றார்.

எடுத்தாள். கோடு தடித்தது. வைத்தாள். மெலிந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்போ இத்தனை நாளா என் விரலாலதான் பாஸ் ஆச்சா?"

எஞ்சினியர் பதறவேண்டாம் என்றார். டிரான்சிஸ்டர் மேல் குற்றமில்லையாம். இப்போது வாங்குகிற ரகம் வேகமானது. கருவியின் நீளக் கம்பிகளோடு சேர்ந்தால் தானாகவே அதிர ஆரம்பித்துவிடுகிறது, ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோன மைக் கத்துகிற மாதிரி. விரல் பட்டால் அந்த அதிர்வு அடங்குகிறது. பெட்டிக்குள் இருக்கிற போர்டில் கம்பியே கிடையாது, அங்கே இந்த ஆட்டம் வராது என்றார். சொல்லிவிட்டு, அந்த அதிர்வை அடக்குகிற, நடுவில் துளையுள்ள ஒரு கறுப்பு ஃபெரைட் மணியை எடுத்து, மூன்று கால்களில் பேஸ் என்கிற காலுக்குப் போகிற கம்பியில், டிரான்சிஸ்டரை ஒட்டிக் கோத்தார். யாருமே தொடவில்லை. கோடு மெல்லிசாக விழுந்தது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் நம்பவில்லை. இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடிக்காரரையே தட்டு முழுவதையும் செருகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். போதும் கிளம்பு என்று பல்லைக் கடித்தேன். மசியவில்லை. எல்லாம் மெல்லிசாக வந்த பிறகுதான் எழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு திரும்பினோம். துணி எங்கே என்று மகள் கேட்டாள். இவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை; போனிலிருந்து அந்தக் கறுப்பு மணி வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பச்சை உடம்புக்காரியிடம் சொல்கிற விஷயமா இது என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டியில உங்க கம்பெனி பேரை நான் முதல் நாளே பார்த்துட்டேன்மா. நீ பார்த்து அனுப்பினதுதானேன்னு நினைச்சுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அன்று முழுவதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், மகளின் படுக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.