தளவாய்புரத்துக் கேசட்

ராஜபாளையத்தில் ஒரு காலத்தில் வராத எதற்கும் ஒரே பதில்தான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால், "தளவாய்புரத்துக் கேசட்டு வாரன்னைக்கு வரும்" என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லாமல் இழுத்தடித்தாலும் அதையே சொல்வார்கள். சொல்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டு வயிறெரிந்தவள் என் சிநேகிதி மாஜிதா. அந்தக் கேசட் கட்டாயம் வரும் என்று ஊரெல்லாம் அடித்துச் சொல்லி வைத்திருந்தவள் அவள்தான்.

மாஜிதாவும் நானும் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு விசைத்தறி செட்டில் அடுத்தடுத்த தறியில் வேலை பார்த்தோம். தறிகள் ஓட ஆரம்பித்தால் காதருகே வந்து கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால் நாங்கள் சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். அந்தக் கோடியில் நிற்கிறவளின் உதட்டைப் பார்த்தே அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு, மாமியாரோடு என்ன சண்டை என்று சொல்லிவிடலாம். வெளியே வந்தால் கதை தலைகீழ். காது அடைத்துக் கிடக்கும். எங்களை அறியாமலே கத்துவோம். ரேஷன் கடை வரிசையில் எங்களில் ஒருத்தி ரகசியம் சொன்னால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். தறிக்காரித் தொண்டை என்று எங்களுக்குப் பட்டப்பெயர். அதிலும் மாஜிதாவின் தொண்டை தனி ரகம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனால், "நீ செத்த நேரம் வாயைத் தொறக்காம இரு" என்று அவளுடைய நாத்தனார்கள் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அவளும் பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தளவாய்புரம் சௌந்தரபாண்டியன் பாட்டு என்றால் எங்கள் செட்டே கிளம்பிவிடும். அவர் சினிமாப் பாட்டுப் பாடமாட்டார். பஸ், தறி, சந்தை, கடன்காரன், காதல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தானே பாட்டாகக் கட்டிப் பாடுவார். மாரியம்மன் பொங்கலுக்கும் கூப்பிடுவார்கள், கோயில் கொடைக்கும் தர்கா கந்தூரிக்கும் சர்ச் திருவிழாவுக்கும் கூப்பிடுவார்கள். 1983-இல் ஒரு பொங்கல் மேடையில் புதுப் பாட்டு ஒன்று பாடினார்.

"வேலை விட்டு வாரேன் புள்ளே, வெளக்கும் வச்சாச்சு,
சேத்தூருக்குக் கடைசி பஸ்ஸு போயிருச்சா?"

இந்த இடத்தில் தாளத்தை நிறுத்திவிட்டு ஏக்கமாகக் கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மாஜிதா மட்டும், "போகல!" என்று ஒரு போடு போட்டாள். மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்டது. ஊரே சிரித்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை. அந்த வரியையே மறுபடியும் பாடி, எங்கள் பக்கம் கையை நீட்டினார். இந்தத் தடவை நாங்கள் எல்லாரும் சேர்ந்து, "போகல! போகல!" என்று கத்தினோம். அன்றிலிருந்து அந்தப் பதில் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. எங்கே பாடினாலும் அந்த இடத்தில் நிறுத்துவார். எங்கே பாடினாலும் நாங்கள் இருப்போம்.

அந்த மேடையிலேயேதான் அறிவித்தார், அடுத்த பொங்கலுக்குள் தன் பாட்டெல்லாம் கேசட்டாக வந்துவிடும் என்று. சவுதியில் இருந்த மாஜிதாவின் தம்பி அப்போதுதான் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். "இதுல மொதல்ல ஓடுறது சௌந்தரண்ணன் கேசட்டுதான். அதுவரைக்கும் வேற ஒண்ணும் ஓடாது" என்று தறி செட் வாசலில் நின்று சத்தியம் செய்தாள். ஒரு வருஷம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள். பூ வேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு அந்தப் பெட்டி எட்டு வருஷம் அப்படியே இருந்தது. வீட்டில் பழைய ரேடியோவைத்தான் கேட்பார்கள். அவள் வீட்டுக்காரர் ஜமால் முகமது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்தார். சோடா குடிக்க வருகிற பஸ்காரர்கள் எல்லாம், "என்ன பாய், வீட்டுல கேசட்டு ஓடுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோடாவையே உடைக்கச் சொல்வார்கள். அவர் நல்ல மனுஷன். வீட்டில் வந்து அதைச் சொல்லமாட்டார். சொல்வதற்குத்தான் ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்களே.

கேசட் ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. குடிக்கிறார் என்றார்கள். குரல் போய்விட்டது என்றார்கள். முதலில் ஒத்துக்கொண்ட கம்பெனி மூடிவிட்டது மட்டும் உண்மை. பிறகு மதுரையில் இன்னொரு கம்பெனி கிடைத்து, பாட்டெல்லாம் பதிவாகியும் கேசட் வெளியே வரவில்லை. 1991-இல் ஒரு லீவு நாளில் மாஜிதாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி இசக்கி, கெளம்பு. அவிய வாயாலயே கேட்டுட்டு வந்துருவோம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும்" என்று என்னைத் தளவாய்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சௌந்தரபாண்டியன் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மாஜிதா சண்டை போடத்தான் வந்திருந்தாள். அவர் ஸ்டுடியோவில் பதிந்த நாடாவைப் போட்டுக் காட்டினார். "கடைசி பஸ்ஸு போயிருச்சா?" என்று அவர் கேட்டதும், நன்றாகச் சங்கீதம் படித்த பெண்கள் சிலர் தேனாக, "போகலை... போகலை..." என்று இழுத்தார்கள்.

மாஜிதா முகத்தைச் சுளித்தாள். "என்னண்ணே இது, பஸ்ஸு போயிருச்சுன்னு ஒப்பாரி வைக்கிற மாதிரில்லா இருக்கு!"

"அதான்மா. எத்தனையோ பேரை மாத்திப் பாத்தாச்சு. ராஜபாளையத்துத் தறிப் பொம்பளைகளைக் கூட்டிட்டு வாரேன்னு சொன்னா கம்பெனிக்காரர் சிரிக்காரு. இதைச் சேத்து வெளியிட எனக்கு மனசு இல்ல. மத்தப் பாட்டெல்லாம் முடிஞ்சு சும்மா கெடக்கு."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்காகவா இத்தனை வருஷம் என்று நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். மாஜிதா யோசிக்கவே இல்லை.

"நாங்க வாரோம்ணே. கம்பெனிக்காரர்கிட்ட ஒரே ஒரு நாள் கேளுங்க."

சௌந்தரபாண்டியன் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் வாங்கினார். இந்த முறையும் சரிவரவில்லை என்றால் கேசட்டையே கைவிடுவதாகக் கம்பெனிக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஜமால் அண்ணன் கடையை அடைத்துவிட்டு எங்களோடு துணைக்கு வந்தார். நான், மாஜிதா, சேத்தூர் பரிபூரணம், இன்னும் செட்டில் இருந்த சிலர் என்று மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

இங்கேதான் நாங்கள் ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஸ்டுடியோவில் போய்த் தறிக்காரிகள் மாதிரி கத்தி மானத்தை வாங்கக் கூடாது என்று வாரம் முழுக்க எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். பனங்கற்கண்டு போட்டுப் பால் குடித்தோம். குரலை அடக்கி, பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மாதிரி பாடப் பழகியிருந்தோம். பரிபூரணம் சர்ச்சில் பாடுகிறவள், அவள்தான் வாத்தியார். ஏசி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, மைக்கைச் சுற்றி நின்று, மணவறையில் நிற்கிற பெண்கள் மாதிரி மெதுவாக, "போகல... போகல..." என்றோம்.

சௌந்தரபாண்டியன் முகம் செத்துப்போனது. இன்னொரு தடவை பாடச் சொன்னார். இன்னும் மரியாதையாகப் பாடினோம்.

எதிரே பெரிய கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் செய்கிறவரும் கம்பெனிக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பேசுவது இந்தப் பக்கம் ஒரு துளி கேட்காது. அந்தத் தைரியத்தில் கம்பெனிக்காரர் நேராக எங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். நான் அவர் உதட்டைப் படித்தேன். "இதுக்கா இவன் இத்தனை வருஷம் இழுத்தடிச்சான்? இன்னும் ஒரு டேக் பாரு. அப்புறம் மெஷினை நிறுத்திட்டு இவனை அனுப்பிரு. கேசட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மாஜிதாவும் படித்துவிட்டாள். நாங்கள் எல்லாரும் படித்துவிட்டோம். பக்கத்தில் ஹெட்போன் மாட்டி நின்ற சௌந்தரபாண்டியனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. மாஜிதா எங்கள் பக்கம் திரும்பி, மைக்குக்குத் தெரியாமல், சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்.

"மரியாதையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். தறி ஓடுதுன்னு நெனச்சுக்கோங்கட்டி. அந்தக் கோடியில பஸ்ஸு கெளம்புது. பிடிக்கணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. "சேத்தூருக்குக் கடைசி பஸ்ஸு போயிருச்சா?" என்று அவர் கேட்டார்.

"போகல! போகல!"

ரெக்கார்டிங் செய்கிறவர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் எழுந்து ஓடிவந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவர் மைக்கைத் தூக்கி அறையின் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தார்; எங்களை எதிர் மூலைக்கு நகரச் சொன்னார். "இப்படியே, ஒரு பொட்டுக் குறையாம இன்னொரு தடவை பாடுங்கம்மா" என்று கைகூப்பினார். பாடினோம். பாட்டு முடிந்ததும் சௌந்தரபாண்டியன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனிக்காரர் என்னவோ சொன்னார். மாஜிதா பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "இவங்களை மொதல்லயே ஏன்யா கூட்டிட்டு வரல?" என்று அவர் கேட்டிருந்தார்.

அடுத்த மாதம் சௌந்தரபாண்டியன் தன் கையாலேயே முதல் கேசட்டை மாஜிதா வீட்டுக்குக் கொண்டுவந்தார். தெருவே கூடிவிட்டது. மாஜிதா புதுச் சேலை கட்டியிருந்தாள். துணியை எடுத்து, தூசி தட்டி, கேசட்டைப் போட்டு, பிஸ்மி சொல்லிப் பொத்தானை அமுக்கினாள். சத்தமே வரவில்லை. எட்டு வருஷம் சும்மா இருந்ததில் உள்ளே பெல்ட் இளகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்களை அடித்திருப்பேன்.

ஜமால் அண்ணன்தான் சொன்னார். "வைகுண்டராஜ் பஸ்ஸுல டேப் இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் போற நேரந்தான். ஓடுங்க!"

வைகுண்டராஜ் தனியார் பஸ் கண்டக்டர். சோடா குடிக்க வந்து தினம் கேலி பேசுகிறவர்களில் முதல் ஆள். நாங்கள் தெரு முழுக்க ஓடிப்போய் அவர் பஸ்ஸில் ஏறினோம். எங்கே போகணும் என்று கேட்டார். "எங்கயும் போகவேண்டாம். கேசட்டு கேக்கணும்" என்றாள் மாஜிதா. அவர் கேசட்டை வாங்கி, அட்டையில் இருந்த படத்தையும் முன்னால் நின்ற சௌந்தரபாண்டியனையும் மாறிமாறிப் பார்த்தார். "நெசமாவே வந்துருச்சா!" என்றவர் டிக்கெட் கொடுப்பதைக்கூட மறந்துவிட்டு டிரைவரிடம் ஓடினார்.

முதல் பாட்டே அதுதான். ஊர் எல்லை தாண்டும்போது எங்கள் குரல் ஸ்பீக்கரில் வெடித்தது. யாரோ இறங்கக் கத்துகிறார்கள் என்று டிரைவர் பிரேக்கை அமுக்கிவிட்டார். பஸ் முழுக்கச் சிரிப்பு. கான்சாபுரத்துக்குப் போகிற ஓர் அம்மாள் எனக்கு முன்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "யாருத்தா இது, எம்புட்டு சத்தம்! கேக்கவே தெம்பா இருக்கே" என்றாள். நான் எழுந்து நின்று மாஜிதாவைக் காட்டினேன். "இவதான். பக்கத்துல நான்." அந்த அம்மாள் நம்பவில்லை. பாட்டு மறுபடி அந்த இடத்துக்கு வந்ததும் மாஜிதா வாயைத் திறந்தாள். அதன் பிறகு நம்பாமல் என்ன செய்வாள்? மூன்றாவது தடவை பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பாடினார்கள். வைகுண்டராஜ் விசிலை ஊதித் தாளம் போட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கித் தருவதாகச் சொல்லி மாஜிதா எங்களை இறக்கிக் கூட்டிப்போனாள். சாப்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே வைகுண்டராஜ் பஸ் திரும்பிப் போகக் கிளம்பிவிட்டது. நான் மாஜிதாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏட்டி, கேசட்டு! உள்ள இருக்கு! ஓடு!"

மாஜிதா நகரவில்லை. விரலில் ஒட்டியிருந்த பால்கோவாவை நக்கிக்கொண்டே, "போகட்டும், விடு. அதுலயே கெடக்கட்டும். வீட்டுல இருந்தா நான் மட்டுந்தான கேப்பேன்" என்றாள்.

வைகுண்டராஜ் படியில் தொங்கியபடி எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கேசட்டைத் திருப்பி ஓட்டியிருக்கிறார். எங்கள் குரல் ஜன்னல் வழியாகக் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். எங்களை விட்டுவிட்டு எங்கள் குரல் ராஜபாளையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் அடுத்த பஸ்ஸுக்காக நின்றோம்.