குடைக்காரக் கழுதையை யாரும் இரவல் எடுக்கவில்லை

1. வேலைக்குச் சேர்ந்த நாள்

1985 பனிக்காலத்தில் ரொறன்ரோ பார்க்டேலில் ஒரு கிளை நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மன்னாரில் எட்டு வருடம் ஆசிரியையாக இருந்தவள் என்று நேர்முகத்தில் பெருமையாகச் சொன்னேன். தலைமை நூலகர் ஹெலன் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, புத்தகம் நிரம்பிய தள்ளுவண்டி ஒன்றை என் கையில் தந்தார். திரும்பி வரும் புத்தகங்களை இலக்கப்படி தட்டில் அடுக்க வேண்டும். ஷெல்விங் என்பார்கள். இரண்டு நாளில் முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன் இந்த ஊரில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிக் கொட்டியவளுக்குச் சூடான கட்டடத்தில் வேலை என்பதே பெரிய காரியம்.

அந்தக் கிளையில் நான் ஒருத்திதான் தமிழ். எங்கள் ஆட்களால் ஒரு குறை வந்தால் அது என் தலையில்தான் விடியும் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே நினைத்துக்கொண்டதுதான்.

2. வீடிங்

ஒரு வருடம் கழித்துச் சிறுவர் பகுதியில் வீடிங் தொடங்கியது. தோட்டத்தில் களை பிடுங்குகிற மாதிரி, தட்டில் பழசைப் பிடுங்குவது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் இரவல் திகதி குத்தும் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். கடைசி முத்திரை மூன்று வருடத்துக்கு முந்தியது என்றால் புத்தகம் கழிவுப் பெட்டிக்குப் போகும். நான் ஈவிரக்கம் பார்க்காமல் பிடுங்கிக்கொண்டு போனேன்.

நாலாம் தட்டில் கை நின்றுவிட்டது. முதுகு நிறையக் குடைகளோடு ஒரு கழுதை. மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பில் பார்த்த அதே ஆங்கிலப் படப் புத்தகம். கழுதை சந்தைக்குக் குடை விற்கப் புறப்படும். வழியில் மழை பிடித்துக்கொள்ளும். நனைகிற ஆடு, கோழி, நாய் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குடையாகக் கொடுத்து முடித்துவிட்டு, தான் நனைந்துகொண்டு நிற்கும். கழுதைகள் தெருவில் திரிகிற ஊர் எங்கள் ஊர். அவை புத்தகத்துக்குள்ளும் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் வகுப்பில் சிஸ்டர் தூரத்தில் நின்று படத்தைக் காட்டுவாரே தவிர, எங்கள் கையில் தந்ததில்லை.

இப்போது அது என் கையில். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

ஹெலன் வந்து விசாரித்தார். கதையைச் சொன்னேன். பின்தாளைத் திருப்பிப் பார்த்தார். கடைசி முத்திரை ஐந்து வருடப் பழசு. என் நூலக கார்டில் எடுக்கலாமா என்று கேட்டேன். ஊழியர் எடுப்பது கணக்கில் வராதாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டு என்றார். ஏப்ரல் முடிவதற்குள் ஒரு பிள்ளை இரவல் எடுத்தால் புத்தகம் தட்டில் இருக்கும், இல்லாவிட்டால் பெட்டிக்குத்தான்.

3. சனிக்கிழமைகள்

அந்த நாட்களில் எங்கள் சனம் பார்க்டேலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏழெட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் கம்பளத்தில் வந்து உட்காரும். ஆங்கில வரிகளை நான் தமிழாக்கி வாசித்தேன். கழுதையாக நானே கத்தினேன். இரண்டாம் வாரம் நான் வாய் திறக்க முதலே அடுத்த வரியைச் சொன்னார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்து நாலு மாதமான சாந்தி என்ற ஆறு வயதுப் பிள்ளை, கடைசிப் படத்தை ஒவ்வொரு முறையும் திரும்பக் காட்டச் சொல்லுவாள். அதில் எல்லா மிருகங்களும் தங்கள் குடைகளைக் கழுதையின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒருவரும் இரவல் எடுக்கவில்லை. எனக்குப் பெற்றோர்மேல் ஆத்திரம். கார்ட் எடுக்கும் ஃபோர்மில் விலாசம் எழுதினால் அகதி வழக்குக்குக் கேடு வரும் என்று பயந்து சாகிறார்கள் என்று ஹெலனிடம் முறைப்பாடு வைத்தேன். அதே வாயால் பிள்ளைகளிடம் நான் சொன்னது இது:

“தொடாதேங்கோ. கிழிஞ்சால் காசு கட்டவேணும். கார்ட் இருந்தால்தான் கையிலை தருவன்.”

வெள்ளைப் பிள்ளைகள் பிஸ்கட் கையோடு பக்கம் புரட்டும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பேன்.

ஏப்ரல் மூன்றாம் சனிக்கிழமை, வாசிப்பு முடிந்து கம்பளத்தை ஒதுக்கும்போது புத்தகத்தைக் காணவில்லை. தட்டுத் தட்டாகத் தேடினேன். தொலைந்தது என்று பதிவில் எழுதிவிட்டால் அந்தப் புத்தகத்தின் கதை அதோடு முடிந்தது.

4. திங்கட்கிழமை

கதவு திறந்ததும் சாந்தியின் தாய் உள்ளே வந்தார். ஒரு கையில் மகள், மறு கையில் பிளாஸ்டிக் பைக்குள் புத்தகம். பிள்ளை அதை ஜக்கெட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். தாய் பையை மேசையில் வைத்தார்.

“அக்கா, புள்ள தெரியாமச் செஞ்சிட்டாள். எங்கட கேஸுக்கு இத எழுதிப் போடாதீங்க.”

நான் குனிந்து சாந்தியைக் கேட்டேன். “என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே, பிள்ளை?”

“கேட்டா நீங்க தரமாட்டீங்க, அன்ரி.”

ஹெலன் பக்கத்தில் வந்து, பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்டார். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு ஒரு ஃபோர்மை எடுத்து மேசையில் வைத்து, இதில் எழுதும் விலாசம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்று தாயிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தாய் தமிழில் கையெழுத்து வைத்தார். பேனையை என்னிடம் தரும்போது, கிழிந்தால் என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டார்.

“கிழிஞ்சால் கொண்டு வாங்கோ, நான் ஒட்டித் தாறன். அது என்ரை வேலைதான்.”

ஐந்து வருடத்துக்குப் பிறகு அந்தத் தாளில் ஒரு முத்திரை விழுந்தது. சாந்தி புத்தகத்தை இந்த முறை ஜக்கெட்டுக்கு வெளியே, எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஹெலன் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. இப்போது நூலக வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: புத்தகத்தை முதலில் கையில் கொடுங்கள், விதியைப் பிறகு சொல்லலாம். அந்தக் கழுதை இன்னும் பல வருடம் அந்தத் தட்டில் இருந்தது. அதைப் பெட்டிக்குப் போகாமல் காப்பாற்றியவள், அதைக் களவெடுத்த பிள்ளைதான்.